கோபமே வராதவர் வீட்டுச் சுரைக்காய்

ஹாஜிரா பீ அன்று காலை அந்தக் கொடியைக் கையால் பிடித்துக்கொண்டே போயிருக்காவிட்டால், பகல் முழுவதும் நிம்மதியாக நோன்பு பிடித்திருப்பாள். சாயங்காலம் என்ன ஆகியிருக்கும் என்பது வேறு விஷயம்.

அவள் கணவர் மெஹபூப் அலி சாஹிப் உப்பு இலாகாவில் முப்பத்தோரு வருஷம் உத்தியோகம் பார்த்து அசிஸ்டென்ட் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர். அவரோடு சேர்ந்து ‘அசிஸ்டென்ட்’ என்ற வார்த்தையும் ஓய்வு பெற்றுவிட்டது. வாசல் பலகையில் ‘இன்ஸ்பெக்டர்’ மட்டும்தான் இருந்தார். மாம்பலத்து ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் என்று பெயர் வைத்து மனை பிரித்தபோது, ஏரி வண்டலில் எது போட்டாலும் முளைக்கும் என்று கேள்விப்பட்டு அங்கே வீடு கட்டினார். கேள்விப்பட்டது பொய்யில்லை. அவர் போட்டதும் முளைத்தது, போடாததும் முளைத்தது.

இருவரும் சேர்ந்து தோட்டம் போடுவதாக அவர் எல்லோரிடமும் சொல்லுவார். அதுவும் பொய்யில்லை. அவர் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தில் தேதி எழுதுவார்; ஹாஜிரா குழி தோண்டுவாள். அவர் கத்தரிக்குப் பூச்சி விழுந்திருப்பதைக் கண்டுபிடிப்பார். அவள் பூச்சியைக் கண்டுபிடித்து நசுக்குவாள். பெங்களூரிலிருந்து வர்ணப்படம் போட்ட உறையில் தபாலில் வந்த சுரை விதையை அவர் தம் கையாலேயே எடுத்து அவள் கையில் கொடுத்திருந்தார்.

அந்த விதையின் கொடி கிணற்றடிக் குழியிலிருந்து ஏறி, பந்தலைத் தாண்டி, பின்சுவரோரம் நின்ற முருங்கை மேல் போயிருந்தது. முருங்கைக் கவட்டையில் ஒரே ஒரு காய் ராட்சசத்தனமாகத் தொங்கியது. தினம் காலையில் அவர் அதை டேப்பால் அளந்தார். கழுத்தில் நூல் கட்டி, ஒரு அட்டையில் அதன் பிறந்த தேதியை இங்கிலீஷில் எழுதி மாட்டியிருந்தார். கொடியின் மற்ற இரண்டு காய்களும் பந்தலிலேயே முழங்கை அளவில் பிஞ்சாக இருந்தன. அவற்றுக்கு அட்டை கிடையாது.

அந்த வருஷம் நோன்பு மார்கழியில் வந்தது. இருபத்தோராம் நோன்பன்று, விடிந்து பனி விலகும் முன்பே மெஹபூப் அலி தோட்டத்துக்கு வந்துவிட்டார். சாயங்காலம் நோன்பு திறக்கக் கான் பஹதூர் ஷரஃபுதீன் சாஹிப் வருகிறார். கூடவே பள்ளிவாசல் ஹஜ்ரத் ஷஃபியுல்லா. யார் யாருக்குப் பட்டம் கொடுக்கலாம் என்று பட்டியல் எழுதுகிற துரையோடு கான் பஹதூர் தேநீர் குடிப்பவர் என்று ஊரில் பேச்சு. ‘கான் சாஹிப் மெஹபூப் அலி’ என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்து, கையெழுத்து நன்றாக வருகிறதென்று அவர் ஏற்கெனவே திருப்திப்பட்டிருந்தார். அழைப்புக் கடிதத்தில், என் கையாலேயே வளர்த்த இருபத்தாறு அங்குலச் சுரைக்காயில் தால்ச்சா என்று குறித்திருந்தார். அங்குலம் எழுதியாகிவிட்டது. இனி அந்தக் காய்தான்.

அவர் பிஸ்மி சொல்லிக் கத்தியால் காம்பை நறுக்க, ஹாஜிரா முந்தானையில் காயைத் தாங்கிக்கொண்டாள். அவர் அதைக் குழந்தையைப் போல் ஏந்தி உள்ளே கொண்டுபோனார். அவள் காய்ந்த இலைகளைக் களையலாமென்று, நறுக்கிய இடத்திலிருந்து தண்டைப் பிடித்துக்கொண்டே வந்தாள். தண்டு கிணற்றடிப் பக்கம் வரவில்லை. கவட்டையில் இன்னொரு தண்டோடு பின்னிக்கொண்டு, திரும்பி, சுவர் மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கிவிட்டது.

அவள் கல்லைப் போட்டு ஏறி எட்டிப் பார்த்தாள். சுவருக்கு அப்பால், பழைய ஏரிக்கரையின் மிச்சமாக ஒரு பள்ளம். முள்ளும் எருக்கும் சேர்ந்த புதர். அதன் மேல் யாரும் விதைக்காத சுரைக்கொடி ஒன்று படர்ந்து கிடந்தது. அதே இலை. அதே வெள்ளைப் பூ.

அவள் கையில் இருந்த தண்டை இழுத்துப் பார்த்தாள். அசைந்தது புதர் மேல் கிடந்த அந்தக் கொடிதான்.

அவளுக்குப் பதினோரு வயதாக இருந்தபோது, ராயப்பேட்டை வீட்டில் சின்னம்மா ஜைதூன் பீ, காய் லேசாகக் கசக்கிறது, கசப்பு உடம்புக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டே சுரைக்காய்க் கூட்டு சாப்பிட்டாள். ஒரு நாழிகையில் வாந்தி. அப்புறம் வாந்தியில் ரத்தம். மறுநாள் மத்தியானம் உடலைத் தூக்கிப்போகச் சந்தூக்கு வந்தது. அதிலிருந்து ஹாஜிரா எந்தச் சுரைக்காயையும் வெள்ளரிக்காயையும் கழுத்துப் பக்கம் ஒரு சீவல் சீவி நாக்கில் வைக்காமல் அடுப்பில் ஏற்றியதில்லை. முன்பு கிணற்றடிக் கொடியில் பறித்த காயையும் அப்படித்தான் பார்த்தாள், சர்க்கரையாக இருந்தது. அது நோன்பு பிறக்கும் முன்.

உள்ளே போய்க் கணவரிடம் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். அவர் எதையும் பொறுமையாகக் கேட்பவர். முப்பத்தோரு வருஷ சர்வீஸில் ஒரு பியூனைக்கூட உரக்கத் திட்டியதில்லை என்பதும், பதிலுக்கு ஐந்து பக்கத்துக்கு மெமோ எழுதி அந்த ஆளை உப்பளத்துக்கு மாற்றிவிடுவார் என்பதும் இலாகா முழுக்கப் பிரசித்தம்.

கொடி சுவருக்கு அந்தப் பக்கம் போனதால் அது நம் கொடி இல்லையென்று ஆகிவிடாது என்றார். தாம் தினம் காலையில் பனகல் பார்க் வரை நடந்து போகவில்லையா, திரும்பி வரவில்லையா? கொடியும் போய்த் திரும்பியிருக்கும்.

“பந்தல்ல ரெண்டு பிஞ்சு இருக்குதுங்க. அதப் போட்டு ஆக்கிடறேன்” என்றாள்.

“இருபத்தாறு அங்குலம்னு எழுதியிருக்கு.”

“அப்ப ஒரு சீவல் நாக்குல வெச்சுப் பாத்துத் துப்பிடறேன்.”

நோன்பு வாயோடா என்று கேட்டார். தெரிந்தே ஒரு நோன்பை முறித்தால் அதற்கு ஈடாக அறுபது நோன்பு வைக்க வேண்டும் என்பதை நினைவூட்டினார். சட்டம் என்றால் அதைக் கொஞ்சம் நீட்டிப் பிடிப்பது அவர் உத்தியோகப் பழக்கம்.

ஹாஜிராவுக்குக் கிதாபு படிக்கத் தெரியாது. ஆனால் அவள் அம்மா சொல்லிக் கொடுத்த ஒரு விதி ஞாபகம் இருந்தது. உப்பு கூடினாலும் குறைந்தாலும் சட்டியைத் தூக்கி எறிகிற முன்கோபிக்கு வாழ்க்கைப்பட்டவள், நோன்பிலும் நாக்கு நுனியில் ருசி பார்த்துத் துப்பிவிடலாம். அவளுக்கு மார்க்கத்தில் இடம் உண்டு. அதைச் சொன்னாள்.

அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். குரல் வழக்கத்தைவிட இன்னும் தணிந்தது.

“நான் முன்கோபியா?”

அவள் கத்தியை எடுத்துத் துடைத்தாள்.

“சொல்லு ஹாஜிரா. இந்த முப்பத்தெட்டு வருஷத்துல நான் சட்டிய எறிஞ்சிருக்கேனா? ஒரு தடவையாவது கத்தியிருக்கேனா?”

இல்லை என்று தலையாட்டினாள். அப்படியானால் அந்தச் சலுகை இந்த வீட்டுக்குப் பொருந்தாது என்று அவர் தீர்ப்புச் சொன்னார். நல்ல குணமுள்ள கணவனின் மனைவி ருசி பார்க்க முடியாது. விஷயம் முடிந்தது.

எட்டு மணிக்குக் கோவிந்தம்மா வந்தாள். நொச்சிக்குப்பத்திலிருந்து மீன் கூடையோடு நடந்து வருகிறவள். விற்ற மீனின் செவுளையும் குடலையும் ஒரு சட்டியில் சேர்த்துச் சுரைக்குழிக்கு எருவாகக் கொண்டுவந்து கொட்டுவாள். அவளுக்கு நோன்பு இல்லை. ஹாஜிரா அவளைச் சுவரோரம் கூட்டிப்போய்த் தண்டைக் காட்டினாள். கோவிந்தம்மா எட்டிப் பார்த்துவிட்டுக் கல்லிலிருந்து நிதானமாக இறங்கினாள்.

“இன்னா பீமா, இது பேய்ச்சுரையாட்டம் கீதே. எங்காளுங்க இங்க வந்துதான் காய அறுத்துக்கினு போவாங்க. காய வெச்சு, இடுப்புல கட்டிக்கினு தண்ணில எறங்குவாங்க. மெதக்கறதுக்குத்தான் இது. துன்றதுக்கு இல்ல.”

ஹாஜிரா காயின் கழுத்தில் சீவிய ஒரு சீவலை நீட்டி, நாக்கில் வைத்துச் சொல்ல முடியுமா என்று கேட்டாள். கோவிந்தம்மா சீவலைப் பார்க்கவில்லை. ஹாஜிராவின் முகத்தைப் பார்த்தாள்.

“உம் மொகத்தப் பாத்தாலே எனக்குக் கசக்குது. என் ஊட்டுல நாலு பேரு சோத்துக்குக் காத்துக்கினு கீறாங்க, நா வரேன்” என்று கூடையைத் தூக்கிக்கொண்டாள். வாசல் வரை போய்த் திரும்பி வந்து, ஆக்காதே என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

இதையும் கணவரிடம் சொன்னாள். மீன்காரியின் சாட்சியத்தை எந்தக் கச்சேரியும் ஏற்காது என்று அவர் சொன்னார். சொல்லிவிட்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து சமையலறை வாசலில் போட்டு உட்கார்ந்தார். அவள் நோன்பு கெடாமல் பார்த்துக்கொள்வது தம் கடமை என்றார். பிஞ்சுகளைப் பறித்துத் தம் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

அவள் கத்தரிக்காய் அரிந்தாள், கொத்தமல்லி ஆய்ந்தாள், பருப்பு வேக வைத்தாள், எலும்புக் கறியைக் கழுவினாள். பிறகு செய்வதற்கு வேறொன்றும் இல்லாமல் போனது. காயை எடுத்தாள். கத்தி இறங்கியபோது உள்ளே சதை வெள்ளை வெளேரென்று, எந்த நல்ல காயையும் போலவே இருந்தது. அதைப் பார்த்ததும் அவள் பயம் இரட்டித்தது. கழுத்துத் துண்டு ஒன்றை முந்தானை முடிச்சில் போட்டுக்கொண்டாள். எதற்கென்று அப்போது அவளுக்கே தெரியாது.

புளி கரைத்து விட்டாள். மசாலா வாசனை எழும்பியது. அந்த வாசனையில் அவளுக்கு இன்னொன்று விளங்கியது: கூட்டில் என்றால் கசப்பு நாக்கில் தெரிந்துவிடும்; சின்னம்மாவுக்கே தெரிந்தது. தால்ச்சாவில் புளியும் காரமும் கசப்பை மூடிவிடும். மூடினால் பாதிச் சட்டி காலியாகும் வரை யாரும் நிறுத்தமாட்டார்கள்.

மத்தியானம் ளுஹர் தொழுகையில் அவள் என்ன கேட்டாளென்று சொல்ல வேண்டியதில்லை.

தோலையும் குடலையும் கொல்லையில் கட்டியிருந்த வெள்ளாட்டுக்குப் போட்டிருந்தாள். ஆடு முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. கணவர் அதையும் பார்த்தார். ஆட்டுக்கும் நோன்பு போலிருக்கிறது என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

மெஹபூப் அலி சட்டியின் மூடியைச் சுற்றிக் கோதுமை மாவால் ஒட்டச் சொன்னார். கான் பஹதூர் முன்னால்தான் உடைத்துத் திறக்க வேண்டும். மாலை அசர் தொழுகை முடிந்ததும் சட்டியைத் தாமே தூக்கிக்கொண்டுபோய்க் கூடத்தில் வைத்தார்.

பிறகு அவர் கொல்லைக்குப் போவதை ஹாஜிரா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அவர் முருங்கையில் ஒரு கொத்து ஒடித்து ஆட்டின் முன் போட்டார். ஆடு ஆறு நாள் பட்டினி கிடந்ததுபோல் காம்போடு தின்று தீர்த்தது. அவர் காலால் சுரைத்தோலை அதன் பக்கம் தள்ளினார். ஆடு ஒரு அடி பின்னால் போயிற்று. இன்னும் தள்ளினார். கயிறு விறைக்கும் வரை ஆடு பின்னால் போயிற்று.

அவர் அங்கேயே வெகுநேரம் நின்றார். கையால் மீசையைத் துடைத்தார். திரும்பிச் சமையலறைக்கு வந்தபோது முகம் மாவுபோல் இருந்தது. சொல்லப்போகிறார், சட்டியைக் கொட்டிவிடு என்று சொல்லப்போகிறார் என்று ஹாஜிரா எழுந்தே நின்றுவிட்டாள்.

“எனக்கு இன்னிக்கு வயிறு ஒரு மாதிரியா இருக்கு. நான் கஞ்சியோட நிறுத்திக்கிறேன்.”

அவள் அவரையே பார்த்தாள்.

“அவங்களுக்கு?”

“அவங்க வயித்துக்கு என்ன, நல்லாத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டு அவர் சால்வையைச் சரிசெய்துகொண்டு கூடத்துக்குப் போனார்.

 காலையிலிருந்து ஹாஜிராவுக்கு இருந்த பயம் காயைப் பற்றியது. இப்போது அது முப்பத்தெட்டு வருஷமாகப் பக்கத்தில் படுத்துத் தூங்கிய மனிதரைப் பற்றியதாகிவிட்டது.

ஐந்தே முக்காலுக்கு மோட்டார் கார் வந்து நின்றது. கான் பஹதூர் கனத்த உடம்பு; கூடத்துக்குள் அவர் வந்ததும் கூடம் சின்னதாகிவிட்டது. ஹஜ்ரத் பின்னால் நடந்தே வந்து சேர்ந்தார். திரைக்குப் பின்னால் ஹாஜிராவுக்குக் கணவரின் குரல் கேட்டது. வண்டல் மண், பெங்களூர் விதை, டேப்பு, அங்குலம். நபி பெருமானார் விரும்பி உண்ட காய் அல்லவா என்று ஹஜ்ரத் ஒரு வார்த்தை சொல்ல, அதற்காகவே தாம் பயிரிட்டதாகக் கணவர் சொன்னார். குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

தூரத்தில் பாங்கு கேட்டது. கூடத்தில் பேரீச்சம்பழத் தட்டு நகர்ந்தது, கஞ்சிக் கோப்பைகள் காலியாயின, தொழுகைப் பாய் விரித்தார்கள்.

ஹாஜிரா ஒரு பேரீச்சம்பழத்தைக் கடித்து, ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். நோன்பு முடிந்தது. இனி அவள் நாக்கு அவளுடையது. முந்தானை முடிச்சை அவிழ்த்து, வாடிப்போன கழுத்துத் துண்டை வாயில் போட்டுக் கடித்தாள்.

கசப்பு என்று அதைச் சொல்ல முடியாது. பல் கூசி, காது அடைத்து, கண்ணில் தண்ணீர் வந்தது. துப்பினாள். பகலெல்லாம் காய்ந்திருந்த தொண்டை அவளைக் கேட்காமலே பாதியை விழுங்கிவிட்டிருந்தது. கிணற்றடிக்கு ஓடத்தான் கால் எழுந்தது. ஆனால் கூடத்தில் தொழுகை முடிந்து சலாம் சொல்வது கேட்டது. கோதுமை மாவு உடைகிற சத்தம் கேட்டது. ஆஹா என்று கான் பஹதூர் வாசனை பிடிப்பது கேட்டது. அவள் திரையருகே போனாள்.

“ஹஜ்ரத், சாப்பிடறதுக்கு முன்னாடி ஒரு சந்தேகம்.”

அந்தக் கூடத்தில் விருந்தாளி இருக்கையில் அதுவரை அவள் குரல் கேட்டதில்லை. நெய்ச்சோற்றில் தால்ச்சாவைப் பிசைந்துகொண்டிருந்த கான் பஹதூரின் கை அப்படியே நின்றது.

“கேளும்மா” என்றார் ஹஜ்ரத்.

“புருஷன் கோபக்காரரா இருந்தா, நோன்பு வாயில பொஞ்சாதி ருசி பாக்கலாமா?”

“கூடும். நாக்கு நுனியில வெச்சுத் துப்பிடணும்.”

“எங்க வீட்டுக்காரருக்குக் கோபமே வராதுங்க. அதனால நான் காலையில பாக்கல. இப்ப பாங்கு சொன்னப்புறம்தான் பாத்தேன். காய் பேய்ச்சுரை. வாயில வெச்சுடாதீங்க.”

கான் பஹதூர் பிசைந்த உருண்டையைத் தட்டில் வைத்தார். விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு எதிரே உட்கார்ந்திருந்த மெஹபூப் அலியின் தட்டைப் பார்த்தார். அதில் ஒரு பருக்கை இல்லை.

“வயிறு சரியில்லேன்னீங்களே, இன்ஸ்பெக்டர் சாஹிப். ரொம்ப சமத்தான வயிறு.”

மெஹபூப் அலி பதில் சொல்ல வாயைத் திறந்தார். அந்த நேரம் திரைக்குப் பின்னால் ஏதோ விழுந்து உருளும் ஓசை கேட்டது. அவர் திரையை விலக்கிக்கொண்டு ஓடினார். ஹாஜிரா கொல்லைப்படியில் மடங்கி உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். அவர் அவள் தலையைப் பிடித்தார். வாந்தியில் சிவப்பாக ஏதோ தெரிகிறதா என்று குனிந்து பார்த்தார்; இருட்டத் தொடங்கியிருந்த வெளிச்சத்தில் எல்லாமே கறுப்பாகத்தான் தெரிந்தது.

அப்போதுதான் அவர் கத்தினார். விளக்கு கொண்டுவரச் சொல்லிக் கத்தினார், டாக்டர் என்று கத்தினார், மரம் மாதிரி நிற்கிறீர்களே என்று ஹஜ்ரத்தைப் பார்த்தே கத்தினார், கான் பஹதூரை வெறும் ஷரஃபுதீன் என்று கூப்பிட்டுக் காரை எடுக்கச் சொல்லிக் கத்தினார். சத்தம் இரண்டு தெரு தாண்டிப் போயிற்று. கூடத்துக்குத் திரும்பி ஓடி, அந்தச் சட்டியைத் தூக்கி முற்றத்தில் எறிந்தார். நெய்ச்சோற்றுத் தட்டுகளும் பின்னாலேயே போயின.

கான் பஹதூர், டாக்டரைத் தாமே அழைத்து வருவதாகச் சொல்லிக் காரில் ஏறினார். கார் டாக்டர் வீட்டைத் தாண்டி, நிற்காமல் மவுண்ட் ரோடு பக்கம் போனதைக் கண்டவர்கள் உண்டு. டாக்டரைக் கூட்டிவந்தது நடந்து போன ஹஜ்ரத்.

டாக்டர் வரும்வரை மெஹபூப் அலி சொம்பு சொம்பாக உப்புத் தண்ணீர் கரைத்துக் கொடுத்தார். முப்பத்தோரு வருஷம் உப்போடு இருந்தவருக்கு ஒரு சொம்புக்கு எத்தனை பிடி என்று தெரியவில்லை. அவசரத்தில் பாதி தரையில் கொட்டியது. ஹாஜிரா குடித்தாள், எடுத்தாள், மறுபடி குடித்தாள். செத்துவிடுவேனா என்று ஒரு தடவை கேட்டாள். அவர், ஆட்டைப் பார்த்தேன், தெரிந்துதான் போனேன் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் ஜன்னலில் நின்றிருந்ததைச் சொல்லவில்லை.

விழுங்கியது கொஞ்சம்தான், பெரும்பாலும் வெளியே வந்துவிட்டது, பிழைத்துக்கொள்வாள் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். அவள் பிழைத்தாள். சுரைக்காயைத் தாம் மணத்திலேயே கண்டுபிடித்துவிட்டதாகவும், மரியாதைக்காகச் சும்மா இருந்ததாகவும் கான் பஹதூர் பிறகு பல இடங்களில் சொன்னார். பட்டியல் வந்தது. அதில் தம் பெயர் இல்லை என்பதை மெஹபூப் அலி வாசகசாலையில் மூன்று முறை படித்து உறுதிசெய்துகொண்டார்.

ஹாஜிரா நான்கு நாள் படுத்திருந்து ஐந்தாம் நாள் மறுபடி நோன்பு பிடித்தாள். அன்று, அவர் பறித்து மடியில் வைத்துக் காவல் காத்த இரண்டு பிஞ்சுகளில் ஒன்றைக் கழுவி அடுப்படிக்கு எடுத்து வந்தாள். மெஹபூப் அலி வாசலில் நின்றார். நாற்காலி கொண்டுவரவில்லை.

அவள் கழுத்துப் பக்கம் ஒரு சீவல் சீவினாள். நோன்புதான். அவரைக் கேட்கவில்லை, கேட்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிருந்தது. அவர் சட்டியை எறிந்ததற்கு ஹஜ்ரத்தே சாட்சி. சீவலை நாக்கு நுனியில் வைத்தாள். கண்ணை மூடினாள்.

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். அவள் உடனே துப்பவில்லை. அவர் ஒரு அடி உள்ளே வைத்தார்.

“என்ன ஹாஜிரா?”

அவள் இன்னும் கொஞ்ச நேரம் நாக்கிலேயே வைத்திருந்துவிட்டுத் துப்பினாள்.

“நல்ல காய்தான்” என்றாள். “இன்னிக்கு நீங்க முதல்ல சாப்பிடுங்க.”